தலைகீழாய் ஒரு மானிட்டர்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவரும் அவருடைய அக்காவும் மனைவியும் ஒரு பழைய கம்ப்யூட்டரை அக்கா தனியாக வசிக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சுமந்து வந்தார்கள். பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்களில் ஒன்று அது. முறையாக அனுமதி பெற்று எடுத்து வரப்பட்டது. நோக்கம் ஒன்றுதான்: அக்காவும் தம்பியும் இளவயதில் விளையாடிய விளையாட்டு ஒன்றை அதில் மறுபடியும் ஓட வைப்பது. பொழுது சாய்வதற்குள் அந்த நோக்கம் மூவருக்கும் அடியோடு மறந்து போயிற்று.

வாசலிலேயே தம்பி இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டான். குழந்தையைப் போல் மார்போடு அணைத்திருந்த மானிட்டர் ஒரு குலுக்குக் குலுங்கியது.

"என்னக்கா, உன் வீட்டு வாசல் குறுகிப்போச்சு?"

"வாசல் அப்படியேதான் இருக்கு. நீதான் பெருத்துட்ட."

"நல்லா சொல்லுங்க அண்ணி," என்றாள் பின்னால் கீபோர்டைச் சுமந்து வந்த தம்பி மனைவி. "இந்தப் பெட்டி என் வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்றேங்கிறார்."

அக்கா தொலைபேசி நிலையத்தின் பழுது நீக்கும் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே அவளுக்கு 'ஒவ்வொண்ணா' என்று பெயர். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களைக் கழற்றிப் பார்க்கும் ஊழியரை அவள் நிற்க வைத்தே கேள்வி கேட்பாள். ஒன்றை மாற்று; பழுது அதோடு போகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா, பார்; பிறகு அடுத்ததைத் தொடு. அவளுடைய சமையலறை டப்பாக்களும், துவைத்து மடித்த துணிகளும், உறவினரோடு அவள் போடும் சண்டைகளும்கூட இந்த ஒழுங்கில்தான் நடந்தன. இன்றைக்கும் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினாள். உள்ளே பஞ்சுபோல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டினாள். நினைவக அட்டையின் செப்புப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். முதல் முறை பெட்டி நீளமாக மூன்று தடவை கத்தியது. அட்டையை இன்னும் ஒரு நூல் அழுத்தினாள். இரண்டாம் முறை சுருக்கமாக ஒரே ஒரு தடவை கூவிவிட்டு எழுத்துகளைக் காட்டியது. உள்ளிருந்த பேட்டரி என்றோ தீர்ந்துபோனதால், தான் 1980இல் இருப்பதாக அது அறிவித்தது.

"நாம எல்லாரும் இளமையாயிட்டோம்," என்றான் தம்பி.

அந்த விளையாட்டு பதிந்திருந்த ஃபிளாப்பியை அக்கா இத்தனை வருடமாகப் பீரோவில் வைத்திருந்தாள். உள்ளே தள்ளியதும் இயந்திரம் பல்லை நறநறவென்று கடித்தது. "இதுக்கு என் மிக்சியே தேவலாம்," என்று சொல்லிவிட்டுத் தம்பி மனைவி தேநீர் போட எழுந்து போனாள்.

அந்த விளையாட்டுக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அவர்களுக்கு அது எப்போதும் 'தட்டு'தான். கறுப்புத் திரையின் நடுவில் ஒரு பீரங்கி. இரண்டு ஓரங்களிலிருந்தும் பறக்கும் தட்டுகள் நடுவை நோக்கி வரும். இடமிருந்து வந்தால் இடப்பக்கப் பொத்தான், வலமிருந்து வந்தால் வலப்பக்கப் பொத்தான். நிலையத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருக்கும் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் தம்பி அதன் முன் உட்கார்வான். அவனை யாராலும் தோற்கடிக்க முடிந்ததில்லை. பிற்காலத்தில் அவன் வண்டி ஓட்டும் இலாகவத்தைப் பிறர் புகழும்போதெல்லாம், அந்தத் தட்டுகளைச் சுட்ட கைதானே என்று அக்கா மனத்துக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதுண்டு. வேன் பிள்ளைகள் அவனை 'ஹாரன் மாமா' என்றார்கள், ஹாரனே அடிக்காததால்.

முதல் ஆட்டத்தில் அரை நிமிடத்துக்குள் செத்தான்.

"வேகமா ஓடுது," என்றான்.

நியாயம்தான். பெட்டியின் முகப்பில் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அக்கா அதை அழுத்தினாள். தட்டுகள் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தன. வலப்பக்கம் வந்த ஒவ்வொன்றையும் தம்பி ஓரத்திலேயே சுட்டான், பழைய கை அப்படியே இருந்தது. இடப்பக்கத் தட்டு ஒன்று நிதானமாகப் பாதித் திரையைக் கடந்து வந்து பீரங்கியின்மேல் மோதியது.

"பாத்தியா? அந்தப் பக்கம் வர்றதையே காட்ட மாட்டேங்குது. திடீர்னு மூஞ்சிகிட்ட வந்து நிக்குது."

"எனக்குத் தெரிஞ்சுதே."

"நீ அங்க உக்காந்திருக்க. இங்க ஜன்னல் வெளிச்சம் அடிக்குது."

திரைச்சீலையை இழுத்து மூடினாள். மாற்றமில்லை. அவனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். தட்டுகள் இரு ஓரங்களிலிருந்தும் ஒழுங்காகப் புறப்பட்டு வந்தன. ஒன்றுகூட இடையில் மறையவில்லை.

"உன்னக் கண்டா மெஷினுக்கே பயம்," என்றான் தம்பி. "மேடம் உக்காந்தா ஒழுங்கா வேல செய்யுது."

இதுவும் அவளுக்குப் பழகிய புகார்தான். ஊழியர் போய் நிற்கும்போது நன்றாக இருக்கும் தொலைபேசி, அவர் படியிறங்கியதும் இரையத் தொடங்கும். எங்கேயோ ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் இணைப்பு. தம்பியின் முழங்கால் மேசைக்கு அடியில் கேபிளைத் தொடுகிறது என்று முடிவு செய்து, கேபிளைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, மறுபடி மாட்டித் திருகினாள். அவன் உட்கார்ந்தான். வலப்பக்கம் எல்லாம் விழுந்தன. இடப்பக்கத் தட்டு வந்து மோதியது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இடப்பக்கம் சரியில்லாதது மானிட்டரின் கோளாறு என்றால், மானிட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் கோளாறு வலப்பக்கத்துக்குப் போயாக வேண்டும். அடிப்பீடத்தைக் கழற்றினார்கள். இரண்டு தலையணைகளுக்கு நடுவில், கவிழ்ந்த ஆமையைப் போல் மானிட்டர் உட்கார்ந்தது. எழுத்துகள் தலைகீழாக நின்றன. தேநீர்க் கோப்பைகளோடு வந்த தம்பி மனைவி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடுத்து அவரையும் தலைகீழா நிறுத்துங்க அண்ணி, சரியாயிடும்."

"பொத்தான் எல்லாம் குழம்பிடும்," என்றாள் அக்கா தம்பியிடம். "நீ சுட வேண்டாம். நடுவுல பீரங்கிய மட்டும் பாரு. தட்டு வந்த உடனே எந்தப் பக்கம்னு வாயால சொல்லு."

"வலது," என்றான். "வலது. இன்னொரு வலது."

சற்று முன்பு அவன் பார்க்கவே முடியாதவை அந்தத் தட்டுகள். இப்போது வலப்பக்கம் வருவதால், முளைத்தவுடனேயே சொல்கிறான். அக்காவின் கண் இடது ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு தட்டு முளைத்து, சுழன்று, நகர்ந்துகொண்டிருந்தது. சற்று முன்பு வலமிருந்து வந்தபோது ஒன்றுவிடாமல் அவன் சுட்டுத் தள்ளிய அதே தட்டு. அவன் பேசாமல் இருந்தான். அது கால்வாசித் திரையைக் கடந்தது. பாதி வழி வந்தது. அவன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"இடது," என்றான் கடைசியில், அது பீரங்கியை முட்டும்போது. "பாரு, இப்பவும் இந்தப் பக்கம்தான் சரியில்ல. மானிட்டர் போச்சுக்கா. வேற ஒண்ணு பாக்கலாம்."

மானிட்டரைத் திருப்பியாயிற்று, பழுது மானிட்டரோடு போகவில்லை. முன்பு நல்லதாக இருந்த பாதி கெட்டதாகவும், கெட்டதாக இருந்த பாதி நல்லதாகவும் ஆகியிருந்தன. பழுது நாற்காலியின் பக்கமே நின்றுவிட்டது. நாற்காலியில் அவள் உட்கார்ந்து பார்த்தாயிற்று. மாற்றிப் பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை. கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வைத்திருந்தவள், அதைத் துணிமேல் அடுக்கியிருந்த திருகுகளின் நடுவே போட்டாள். வரிசை கலைந்து, இரண்டு திருகுகள் தரையில் உருண்டன.

எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள்.

"திரும்பாத. பீரங்கியையே பாரு."

தன் இடது கையை அவன் காதோரத்திலிருந்து மெல்ல முன்னால் நீட்டினாள். மூன்று விரல்கள். ஒரு சாண் தள்ளி, அவன் முகத்துக்கு முன்னால் இடப்பக்கமாக நிறுத்தி ஆட்டினாள்.

"எத்தன விரல்?"

"எந்தக் கை?" என்றான் தம்பி.

கோப்பை தட்டில் மோதும் ஒலி கேட்டது. தம்பி மனைவி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா விரல்களை இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்பதைப் போல.

"என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" அவன் தலையைத் திருப்பினான். கை இருந்தது, மூக்கருகில். சட்டென்று பின்வாங்கினான். "இது எப்ப வந்துச்சு?"

"அங்கயேதான் இருந்துச்சு."

"வெளாடாத."

"நான் என்னைக்குடா வெளாடியிருக்கேன்?"

அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். "கண்ணாடி மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல. கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். டாக்டரே பாராட்டினார்."

"நேரா இருக்கிறத வாசிச்ச. நான் ஓரத்தச் சொல்றேன்."

"சரி, ஏதோ கண்ணு அசதி. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்க் காட்டறேன்."

"நாளைக்குக் காலையிலயே போகணும்."

"நாளைக்கு எப்படி? இந்த வாரம் பரிட்சை. மாத்து டிரைவர் ஊர்ல இல்ல." அவன் குரல் உயர்ந்தது. "ஆசையா விளையாட வந்தவனுக்கு நீ என்ன, பரிட்சை வைக்கிறியா? இத்தன வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா? தெரியலன்னா தலையத் திருப்பிப் பாத்து ஓட்டிட்டுப் போறேன்."

"கீறல் இருக்கு," என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. "போன மாசம். பள்ளிக்கூட கேட் தூண்ல. தூணக் கட்டினவன் சரியில்லன்னு சொன்னீங்க."

அக்காவிடம் சொல்வதற்கு அதைவிடப் பெரியதொன்று இருந்தது. வரும் வழியில் அவள் வேனின் முன்னிருக்கையில், அவனுக்கு இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேபிள் சுருள். சந்து முனையில் அவள் கண்ட காட்சியை அப்போது வேறு விதமாகப் புரிந்துகொண்டு, சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பை நினைக்கையில் இப்போது உடம்பு கூசியது.

"இன்னைக்கு வர்றப்ப, பேக்கரி முனையில, என் பக்கத்துலேர்ந்து சைக்கிள்ல ஒரு பொண்ணு குறுக்க வந்தா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வயசுதான். நீ பிரேக்க மிதிக்கவே இல்ல. அவதான் காலை ஊணி நின்னா. ஒரு சாண் இடைவெளி. என் தம்பி எவ்வளவு தைரியமா ஓட்டறான்னு நான் நினைச்சேன்."

தம்பி அவளையே பார்த்தான். கோபம் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்துகொண்டிருந்தது.

"எந்தப் பொண்ணு?"

தலைகீழான திரையில் யாரும் ஆடாத ஆட்டம் தானாகவே முடிந்து, தானாகவே தொடங்கியது.

அவன் தன் இடது கையை உயர்த்தி முகத்துக்கு நேரே பிடித்தான். பார்வையை எதிர்ச் சுவரில் நிறுத்தி, கையை மெதுவாக வெளிப்பக்கமாக நகர்த்தினான். ஓரிடத்தில் நின்றான். திரும்பக் கொண்டுவந்தான். மறுபடி நகர்த்தினான். கை இல்லாமல் போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது அவன் உதடுகளில் தெரிந்தது. அங்கே இருட்டு இல்லை, கறுப்பு இல்லை, எதையும் யாரும் மறைக்கவில்லை. சுவர் முழுசாகத்தான் தெரிந்தது, கை மட்டும் இல்லை. இருபது தடவையாவது அப்படிச் செய்திருப்பான். மனைவி அருகில் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

"எத்தன நாளாக்கா இப்படி இருக்கும்?"

"தெரியல."

"வேன் கதவு இடது பக்கம்," என்றான். "பிள்ளைங்க அந்தப் பக்கந்தான் இறங்கும். எல்லாம் இறங்கிடுச்சான்னு சைடு கண்ணாடியில ஒரு பார்வை பாத்துட்டுத்தான் எடுப்பேன். யாரும் தெரியலன்னா எடுத்துருவேன்."

அவன் மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய வேலைக்காலம் முழுவதும், பழுது இன்ன இடத்தில் என்று கண்டறிந்த கணத்தில் நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கும். அது இன்றைக்கு வரவில்லை.

போனை அவனே எடுத்தான். பள்ளியின் வண்டிகளுக்குப் பொறுப்பானவரின் எண்ணைத் தேடிவிட்டு, அக்காவைப் பார்த்தான். "என்னன்னு சொல்றது?"

"தெரிஞ்சத மட்டும் சொல்லு. இடது பக்கம் தெரியலன்னு சொல்லு. ஏன்னு தெரியலன்னும் சொல்லு."

"வேலை போயிடும்."

"போகும்," என்றாள் அக்கா.

அவன் பொத்தானை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

அன்று மாலை முடிவானவை இவை. மறுநாள் வேன் ஓடாது. பெற்றோர்களுக்கு இரவுக்குள் செய்தி அனுப்பும் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. வண்டியைக் கீழே நிறுத்திய இடத்திலிருந்து எடுத்துச் செல்லப் பள்ளியிலிருந்து ஆள் வருவார். சாவி அக்காவிடம் இருக்கும். கண் மருத்துவமனைக்கா, பொது மருத்துவமனைக்கா என்ற வாதத்தில், எங்கே எல்லாவற்றையும் பார்ப்பார்களோ அங்கே போவது என்று தீர்மானித்தார்கள். கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பியும் மனைவியும் பேருந்தில் வீடு திரும்புவது என்றும், நிறுத்தம்வரை அவள் அவனுக்கு இடப்பக்கமாக நடப்பது என்றும், அந்தப் பக்கம் ஆள் இருப்பது அவன் காதுக்காவது தெரிய வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடப்பது என்றும் அக்கா சொன்னாள். இந்த நேரத்தில் என்ன பேசுவது என்று தம்பி மனைவி கேட்டாள். ஒன்றும் தோன்றாவிட்டால், இடப்பக்கத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனால் போதும் என்று முடிவாயிற்று.