தங்கை கேட்காத மன்னிப்பு

நாடகத்தில் அழுவது தங்கை. அந்த அழுகைக்குக் குரல் கொடுப்பது அக்கா. தினமும் சாயங்காலம் வரும் அந்தத் தொலைக்காட்சித் தொடரில், மருமகளுடைய முகம் சின்னுவுடையது, குரல் அவள் அக்காவுடையது என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். சின்னுவுக்குச் சின்ன வயதிலிருந்தே கரகரத்த தொண்டை. "உள்ள யாரோ ஜல்லி கொட்டுறாங்க" என்று அவளே தன்னைக் கேலி செய்துகொள்வாள். அக்காவுக்கு நல்ல குரல், ஆனால் கேமராவைப் பார்த்தால் கைகால் உதறும். "உங்க ரெண்டு பேரையும் ஒட்டினாத்தான் எனக்கு ஒரு நடிகை கிடைக்கிறா" என்பார் டைரக்டர்.

கணவன் விட்டுப்போன பிறகு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். டப்பிங் போக, சின்னுவின் தேதிகள், போன், ரசிகர்களுக்குப் பதில் போடும் இணையக் கணக்கு எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

வினை ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில் வந்தது. ரயில் பாதையோரக் குடிசைகளை இடிக்கச் சொல்லி, ஆட்சியில் இருந்த கட்சியின் தலைவர் உத்தரவு போட்டிருந்த சமயம். ரிப்பன் வெட்டிவிட்டுக் காரில் ஏறப்போன சின்னுவை ஒரு நிருபர் மறித்து, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு 'ஏறு, ஏறு' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சின்னு ஏறவில்லை.

"நாடகத்துல என்னை வீட்டை விட்டுத் துரத்தினப்போ எல்லாரும் சாப்பிடாமக்கூட அழுதீங்க. இங்க நிஜமாவே துரத்துறாங்க, ஒருத்தர் கண்ணும் கலங்கலையே? உத்தரவு போட்டவர் ஒரு நாள் கைக்குழந்தையோட அந்தத் தண்டவாளத்துப் பக்கத்துல படுத்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்."

அவளைக் கொண்டாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைவரையும் கொண்டாடுகிறவர்கள். 'எங்க வீட்டுப் பொண்ணு' என்று அவளுக்காக இணையத்தில் நடந்துகொண்டிருந்த ரசிகர் பக்கம், கார் வீடு வந்து சேர்வதற்குள் பெயரை மாற்றிக்கொண்டது. நேற்றுவரை இதயம் போட்டவர்கள் இன்று காறித் துப்பினார்கள். 'மருமகள்னு நினைச்சோம், பாம்புன்னு தெரியாம போச்சு' என்றார் ஒருவர். பிறந்த நாளுக்குச் சின்னுவின் முகத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பிய ஒரு பெண், அதே படத்தை நாலாகக் கிழித்துக் காணொளி போட்டிருந்தாள். எல்லாவற்றையும்விட அக்காவைச் சுட்டது வேறொன்று: 'இதுதான் உன் சொந்தக் குரலா? அழுததும் பொய், குரலும் பொய்.'

அக்கா வசவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றை அழித்தால் ஒன்பது முளைத்தது. யாரோ வீட்டு விலாசத்தைப் போட்டார்கள். மறுநாள் காலை வாசல் கேட்டில் தார் பூசியிருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் தெருமுனையிலேயே கேனை இறக்கிவிட்டு, "நீங்களே எடுத்துக்குங்கம்மா, எனக்கும் குடும்பம் இருக்கு" என்று போனில் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லிடேன்டி. தப்பா எடுத்துக்காதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை."

"நான் சொன்னதுல என்னக்கா தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? சரியா இருக்கிறதையெல்லாம் மைக்கு முன்னாடிதான் சொல்லணுமா? வீட்டுல சொல்லிக்கக் கூடாதா?"

சின்னு சிரித்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வீட்டுல சொல்லிக்கிறதுக்கு அவங்களுக்கு வீடே இல்லையேக்கா."

டைரக்டர் கூப்பிட்டார். விளம்பரக்காரர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்களாம், சேனல் கையை விரிக்கிறதாம். சின்னு மன்னிப்புக் கேட்டால் தொடரும், இல்லையென்றால் கதையை மாற்ற வேண்டியிருக்கும். சின்னு முழுவதையும் கேட்டுக்கொண்டு, "மாத்திக்குங்க சார்" என்று சொல்லிப் போனை அணைத்து அலமாரியில் போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், எதுவும் நடக்காததுபோல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அந்த அமைதிதான் அக்காவை அதிகம் பயமுறுத்தியது.

இத்தனையையும் அவள் எப்படியோ பல்லைக் கடித்துத் தாங்கியிருப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் திரும்பி வந்த கோலம் அவளை உடைத்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் சின்னுவின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய படம் ஒன்றை மகளின் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதையே அச்செடுத்து மேசையிலும் ஒட்டியிருந்தார்கள். பிள்ளை அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

"சித்திகிட்ட சொல்லாதம்மா. ப்ளீஸ். சித்தி பாவம்" என்றாள்.

அக்கா சொல்லவில்லை. விரல்களுக்கு மருந்து போட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ஆட்டோவின் பின்சீட்டில், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு ஏற்கெனவே எடுத்து வைத்த காட்சிகள் கொஞ்சம் பாக்கி இருந்தன. பேசி முடித்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றாமலேயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியரிடம் கேட்டாள்: "தம்பி, மைக்கை அப்படியே ஓடவிடு. எனக்குச் சொந்தமா ஒண்ணு பேசணும்."

"என்னக்கா பேசப் போறீங்க?"

"நீ ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

அவன் எழுந்து போனான். கறுப்புத் துணி அடித்த அந்தச் சின்ன அறையில் அவளும் மைக்கும்தான். எழுதி வைத்து வரவில்லை. வாயைத் திறந்ததும் வார்த்தை தானாக வந்தது. 'நான் தெரியாம பேசிட்டேன். தலைவர் எனக்கு அப்பா மாதிரி. உங்க வீட்டுப் பொண்ணு தப்புப் பண்ணினா அடிப்பீங்க, வெளியவா தள்ளுவீங்க?' கடைசி வரியில் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. தாரும், தண்ணீர் கேனும், பிள்ளையின் விரலும் எல்லாமாகச் சேர்ந்து அந்த வரியில் வந்து விழுந்தன. ஒரே டேக். ஒலிப்பதிவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, ஸ்டுடியோ படிக்கட்டிலேயே உட்கார்ந்து, தங்கையின் பேரில், தங்கையின் கணக்கில் அதைப் போட்டாள்.

பலித்துவிட்டது. அதுதான் கொடுமை.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இதயங்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. 'அழுதுட்டேன்டா செல்லம்.' 'இதுதான் எங்க பொண்ணோட குரல். அன்னிக்குப் பேசினது எவளோ.' 'சின்னப் பொண்ணு, விட்டுடுங்கப்பா.' படத்தைக் கிழித்தவள் துண்டுகளை ஒட்டி மறுபடியும் போட்டிருந்தாள். அக்காவுக்கு மூச்சு வந்தது. இரண்டு நாளாகத் தொண்டையில் இறங்காத சோற்றை நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டாள். நடுவில் ஒரு பதிவு மட்டும் கண்ணில் பட்டது. ரயில் பாதையோரம் இருந்தவள் போல. 'நீயாவது எங்களுக்காகப் பேசினேன்னு நினைச்சேன் தாயி. பரவாயில்ல.' கை வழக்கம்போல அழிக்கப் போனது. அழிக்க முடியவில்லை.

சின்னு அறையிலிருந்து வெளியே வந்தாள். அணைத்து வைத்த போனை எடுத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, அந்தப் பதிவை முழுவதும் ஓடவிட்டாள். அக்காவின் கையில் சோறு காய்ந்தது.

"நல்லாப் பேசியிருக்கே. நானே மன்னிப்புக் கேட்டிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

"சின்னு, பாப்பாவோட விரலைப் பாருடி. பள்ளிக்கூடத்துல அவளை..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும் நீ கேட்டிருப்பியா?"

"தெரியாது" என்றாள் சின்னு. "பாப்பாவுக்காகக் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். கேட்கலாமா வேணாமான்னு நான்தானேக்கா முடிவு பண்ணணும்? இத்தனை வருஷமா என் வாயில உன் குரல்தான். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு ஒரு நாள்தான் நானே பேசினேன். அதையும் பிடுங்கிட்டியே."

அக்கா அவள் காலில் விழாத குறை. எச்சில் கையோடு முந்திக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்தாள். "உன்னைக் கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன்டி. வேற ஒண்ணும் தோணல. சத்தியமா வேற ஒண்ணும் தோணல." சின்னு அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. மெதுவாக எடுத்துக் கீழே விட்டாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் சின்னு ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கரகரத்த குரலில் பேசிக் காணொளி எடுத்தாள். "நேத்து மன்னிப்புக் கேட்டது நான் இல்ல. நான் சொன்னது சொன்னதுதான். அந்தக் குரல் யாருதுன்னு என்கிட்ட கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்." கடைசிவரை அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகு வந்தது முதலில் வந்ததைப்போல இரு மடங்கு. ஏமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது. ஜன்னல் கண்ணாடி உடைந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, "கொஞ்ச நாள் வேற எங்கேயாவது இருங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் இருந்தால்தானே கல் வரும் என்று சின்னு ஒரு பெட்டியோடு தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அந்த விரல்களில் முத்தம் கொடுத்தாள். அக்காவைப் பார்த்து, "கதவைத் தாழ் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சேனல் சின்னுவைத் தொடரிலிருந்து தூக்கிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து டைரக்டர் அக்காவைக் கூப்பிட்டார். கதையில் இனி மருமகளுக்கு விபத்து, முகத்தில் அறுவை சிகிச்சை, கட்டைப் பிரித்தால் வேறு முகம். "முகம் மாறினா ஜனங்க பொறுத்துக்குவாங்க. குரல் மாறக் கூடாது. நீங்க கண்டிப்பா வரணும்."

அக்கா குறுக்கிட்டாள். "சார், ஒண்ணு சொல்லணும். அந்த மன்னிப்பு..."

"நீங்க பேசினதுதானே? கேட்ட நிமிஷமே தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா?" அவர் சிரித்தார். "நல்ல காரியம்தான் பண்ணினீங்க. உங்க தங்கச்சிதான் கெடுத்துக்கிட்டாங்க."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. போனாள். திரையில் புதுப்பெண் கட்டுப் பிரித்த முகத்தோடு, மிரண்ட கண்களோடு உதட்டை அசைத்தாள். சின்னுவைவிட வயது குறைவு. அடுத்து யார் மேல் கல் விழுமோ என்று பயந்தவள் போல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அக்கா முதல் வரியைப் பேசினாள். உதட்டோடு அச்சாகப் பொருந்தியது. "ஓகேக்கா, அடுத்தது" என்றான் இன்ஜினியர்.

"ஒரு நிமிஷம் தம்பி."

வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்று தங்கையைக் கூப்பிட்டாள். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள்.

"வேற ஒரு பொண்ணுக்குப் பேசச் சொல்றாங்கடி. நீ வேணாம்னு சொல்லு, இப்பவே இறங்கி வந்துடறேன்."

 அந்தப் பக்கம் அந்தக் கரகரத்த குரல்: "எனக்காக நீ எதையும் முடிவு பண்ணாதேன்னுதானேக்கா சொன்னேன். உனக்காக என்னை முடிவு பண்ணச் சொல்றியே."

"என்னை மன்னிச்சிடு சின்னு."

"பாப்பா பள்ளிக்கூடம் போறாளா?"

"போறா. வேற வகுப்புக்கு மாத்திட்டாங்க."

"சரி" என்றாள் தங்கை. "நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் கூப்பிடாதே." வைத்துவிட்டாள். எப்போது என்று சொல்லவில்லை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவைப் பாதி திறந்து இன்ஜினியர் எட்டிப் பார்த்தான். அடுத்த காட்சியில் அந்தப் பொண்ணு சிரிக்க வேண்டும் என்றான்.