வெர்லினின் இடுப்புத் துப்பாக்கி

ஒலீட்டாவின் மதுக்கடைக் கதவில் புதிதாகத் தொங்கிய அட்டையை வெர்லின் வண்டிக்குள் இருந்தபடியே படித்தான். துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது. போன வாரம் எவனோ ஒருவன் கழிப்பறையில் கால்சட்டையை அவிழ்க்கப் போய், துப்பாக்கி கீழே விழுந்து வெடித்து, தண்ணீர்த் தொட்டி பொத்துக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலீட்டாவுக்குத்தான் பொறுக்கவில்லை. டென்னசி மாநிலத்தில் கடைக்காரி அட்டை மாட்டிவிட்டால் அதுவும் சட்டம்தான். ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் ரோட்டைத் தாண்டி வந்து வண்டிச் சக்கரங்களை மூடியது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது வெர்லினுக்கு.

அதுவரை இருந்த சட்டம் அவனுக்கு வாகாக இருந்தது. இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவன் மதுக்கடைக்குள் வரலாம், ஊர்க்கதை பேசலாம். ஒரு துளி குடிக்கக் கூடாது. யாராவது கோப்பையை நீட்டினால் வெர்லின் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். "சட்டம்டா" என்பான். ஒலீட்டா ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரைக் கொண்டுவந்து வைப்பாள். துப்பாக்கியை விடமாட்டேன் என்கிறவனை இந்த மலையில் யாரும் கேலி செய்வதில்லை. குடியை விட்டுவிட்டேன் என்கிறவனைத்தான் ஒருவன் பிரசங்கத்துக்கு இழுப்பான், இன்னொருவன் ஒரே ஒரு வாய் என்று ஊற்றிவிடப் பார்ப்பான்.

நாலு வருஷத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு நாள், பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரப் போன வெர்லின், வழியில் குடித்துவிட்டு வண்டியிலேயே தூங்கிப்போனான். இருட்டும்வரை அவள் வாசலில் நின்றாள். இப்போது தாயோடு வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் ஒன்றுதான் கேட்பாள். "இந்த வாரமும் குடிக்கலதானப்பா?" இல்லை என்று அவன் சொன்ன பிறகுதான் மற்ற பேச்செல்லாம். அந்த ஒரு சொல்லை இழந்துவிட்டால் தன்னிடம் வேறு எதுவுமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்த வெறும் வீட்டில்தானே முன்பெல்லாம் குடித்தான்? துப்பாக்கியை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

மர அறுவை ஆலையில் அவனோடு வேலை செய்யும் ஹோபர்ட், அவனைக் கண்டதும் ஒரு கோப்பை பீரை அவன் பக்கம் தள்ளினான்.

"டேய், வண்டியில வெச்சிட்டுத்தான வந்த? இனி என்னடா சட்டம் உனக்கு? குடி."

பனிமூட்டத்துக்கு மேலாகச் சாய்ந்த வெயில் சன்னல் வழியே புட்டிகளுக்குள் இறங்கி, சுவர் முழுக்கத் தேன் நிறமாக அசைந்தது. பேச்சுச் சத்தமெல்லாம் எங்கோ தொலைவில் கேட்டது. கோப்பை குளிர்ந்திருந்தது. அதை எப்போது கையில் பிடித்தோம் என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. தூக்கினால் போதும், எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. பயந்துபோனான்.

"டீ போடட்டுமா?" என்றாள் ஒலீட்டா, யாரையும் பார்க்காமல்.

வெர்லின் கையை எடுத்தான். "சட்டமெல்லாம் இல்லடா. ஒரு வாய் குடிச்சேன்னா என்னால நிறுத்த முடியாது. அதுக்குத்தான் அத மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஹோபர்ட் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினான்.

"அப்ப உன்னைச் சுடணும்னு யாரும் தேடலையா?"

"என்னையா? யாரு?"

"எனக்கென்ன தெரியும்? நாலு வருஷமா அதோடயே வர்ற. கேட்டா சட்டம்ங்கிற. எவன்கிட்டயோ வம்பு வளத்து வெச்சிருக்கான், சொல்ல மாட்டேங்கிறான்னு நெனச்சேன். அதான் தெனமும் வாசலப் பாத்தே உக்காந்தேன். டிவியில ஒரு ஆட்டம் ஒழுங்காப் பாத்ததில்லடா நான்."

வெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது; அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. தனியாகக் காவல் காத்ததாகத்தான் அவன் இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

ஹோபர்ட் எழுந்து முக்காலியை இழுத்துவந்து, வெர்லினுக்குப் பக்கத்தில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். யாரும் குடிக்காத பீரில் நுரை ஒவ்வொரு குமிழாக அடங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இதத்தான் பாத்துக்கணுமா?" என்றான், கோப்பையைக் காட்டி.

"ஆமா."

பின்னால் கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பவில்லை.