வெள்ளை ராக்கெட்டுக்கு ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று காலையில் ஷெட் கதவைத் திறந்த கோமளம் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டாண்டின் மேல் படுத்திருந்த பதினாறடி ராக்கெட்டின் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். முந்தின நாள் அடித்த கடைசிக் கோட்டு இன்னும் முழுசாகக் காயவில்லை.

"இதுவும் வண்டிதானே, பொட்டு வெக்காம எப்டி அனுப்பறது?" என்றான் அவள் புருஷன் வெங்கடசாமி. குப்பை லாரி ஓட்டுகிறவன். லாரிக்கும் மிக்சிக்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருந்தான். முகத்தில் பெருமை வேறு.

"காஞ்சிடுச்சான்னு ஒரு வார்த்த கேட்டியாய்யா? வாயத் தொறந்து கேட்டியா?"

இத்தனை வருஷம் அடுத்தவர் ஒர்க்‌ஷாப்பில் உப்புத்தாள் தேய்த்தே அவள் விரல் ரேகை அழிந்திருந்தது. ஸ்ப்ரே கன்னைத் தொட்டால் போதும், "அது ஆம்பளைங்க வேலைம்மா" என்று முதலாளி பிடுங்கிக்கொள்வார். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி தன் வரவேற்பறையில் நிறுத்தக் கேட்ட இந்த மாடல்தான் அவள் பேரில் வந்த முதல் வேலை. இது சொதப்பினால் மறுபடி உப்புத்தாள்தான். அவர்கள் குடியிருக்கும் ஸ்ரீராம்புரம் முழுக்க "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று ஆரம்பித்துவிடும்.

துடைத்தாள். குங்குமம் போனது, சிவப்பு போகவில்லை. தேய்த்துவிட்டு மேலே வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் உள்ளேயிருந்து ரோஸ் கலரில் எட்டிப் பார்த்தது. இன்னொரு கோட்டு அடித்தாள். மறுபடியும் ரோஸ். சனியன், விடமாட்டேன் என்றது. போதாக்குறைக்குத் தூறல் பிடித்துக்கொண்டு, ஈரக்காற்றில் பளபளப்பெல்லாம் மங்கிப்போனது. ஆத்திரத்தில் ஸ்டாண்டை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது. உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

கடைசியில் அந்த இடத்தை மட்டும் ஃபைபர் தெரியும்வரை சுரண்டி எடுத்தாள். பட்டி, உப்புத்தாள், ப்ரைமர், வெள்ளை, மேலே கிளியர் கோட்டு என்று எல்லாம் முதலிலிருந்து. அத்தனை நாளும் புருஷனோடு பேசவில்லை. தட்டை அவன் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

திறப்பு விழாவன்று ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்தியபோது கூரை விளக்குகள் அதில் வழுக்கிக்கொண்டு ஓடின. கறை எங்கே இருந்ததென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மனசு கொஞ்சம் ஆறிய நேரத்தில் மேனேஜர் சீனிவாசராகவன் தட்டோடு வந்தார். தட்டில் சந்தனமும் குங்குமமும்.

கோமளம் தட்டுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "சார், இதுக்கு எதுக்கு சார் அதெல்லாம்?"

"பூஜை போடாம எதைம்மா ஆரம்பிக்கிறோம்? செஞ்சவங்க கையாலதான் மொதல்ல வைக்கணும். வாங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இந்தம்மாதான் செஞ்சதாம், பெயிண்ட்கூட இவங்கதானாம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. ஆனாலும் தட்டைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் தேடினாள். வெங்கடசாமி ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

"எங்க வீட்டுக்காரு வெக்கட்டும் சார்" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "யோவ், இங்க வா. அன்னிக்கு எங்க வெச்சியோ அங்கயே வை."

அவளாகப் பேசிவிட்டாளே என்ற திகைப்பில் வந்தான். விரலால் குங்குமத்தைத் தொட்டு எடுத்தான். ராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் கை அப்படியே நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"காஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.