உர்ஹோ கேட்டுச் சொன்ன மரம்

பைன் மரங்களை ஐலா செல்லோ வாத்தியங்களிடம் கொடுத்திருந்தாள். பிர்ச் மரங்கள் புல்லாங்குழலுக்குப் போயின. வீட்டுக்குப் பின்னால் தொடங்கி சைமா ஏரிவரை இறங்கும் காட்டை இசையாக எழுதித் தரச் சொல்லி நகரத்து இசைக்குழு அவளைக் கேட்டிருந்தது. பனி உருகும்போது தொடங்கிய வேலை. காட்டில் புளுபெர்ரி பழுத்தபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது சவுனா என்ற நீராவிக் குளியலறையை ஒட்டி நின்ற ஆஸ்பன் மரம் ஒன்றுதான்.

அரச இலையைப் போலவே ஆஸ்பன் இலைக்கும் காம்பு மெலிசு. காற்று இல்லாத நாளிலும் சலசலத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைத்தான் இசையின் முடிவாக வைக்க வேண்டும் என்று ஐலா ஆரம்பத்திலேயே நினைத்திருந்தாள். ஒரு நாள் காலை மரத்தடியில் போய் நின்றாள். தலைக்குமேல் இலைகளெல்லாம் துடித்தன. சத்தத்தைக் காணோம்.

அவள் கணவன் உர்ஹோ விறகை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். ஏரித் தீவுகளுக்குப் படகில் தபால் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்றவன்.

"இந்த மரத்துக்கு இன்னிக்கு வாயே ஓயல பாரு. ஊர் வம்பு மொத்தத்தையும் பேசித் தீர்த்துடும் போல."

"உனக்குக் கேக்குதா?"

"உனக்குக் கேக்கலையா?"

ஐலா இல்லையென்று தலையாட்டினாள். உர்ஹோ விறகைக் கீழே போட்டான்.

காது மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பேச்சு கேட்கும், செல்லோ கேட்கும். இலையும் சின்னக் குருவியும் இனிக் காதில் விழாது. அவர் கொடுத்த கருவியை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றால், தகரத்தில் மணல் கொட்டுவது போலிருந்தது. அவள் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன். கேக்காத மரத்தை எப்படி எழுதுறது?"

"நான் கேட்டுச் சொல்றேன்."

"நீயா? தேசிய கீதத்தையே சுருதி விட்டுப் பாடுறவன்."

"பாடத்தானே தெரியாது? காது நல்லாத்தானே இருக்கு."

அன்றிலிருந்து இருவரும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உர்ஹோ கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: "இப்போ மழை மாதிரி. ஆனா நனையாத மழை." "சர்ச்சுல பாதிரியார் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாங்களே, அது." சில சமயம், "இப்போ சும்மா இருக்கு. இரு, இரு... இந்தா, மறுபடி தொடங்கிடுச்சு." முதலில் ஐலாவுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பென்சிலை எடுத்தாள். காது நன்றாகக் கேட்ட நாட்களில்கூட அந்த மரத்தை அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. கடைசிப் பகுதியில் மற்ற வாத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, வயலின்களை மட்டும், வில் நரம்பில் பட்டும் படாமலும் உரசும்படி எழுதினாள்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. வில்கள் அசைந்தன. ஐலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இசைக்குழுவை நடத்திய ஸாமுலி, கையைத் தாழ்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஐலா, தப்பா எடுத்துக்காதீங்க. இது மூணாவது வரிசையைத் தாண்டிக் கேக்காது. கொஞ்சம் பலமா வாசிக்கலாமா? இல்லேன்னா இந்த இடத்தையே எடுத்துடலாமா?"

எது சரி என்று ஐலாவுக்கே எப்படித் தெரியும்? எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதல் வயலின் வாசிக்கும் இர்மெலி குறுக்கிட்டாள்.

"எடுக்கிறது இருக்கட்டும். முதல்ல எங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. இது என்ன சத்தம்?"

ஐலா திரும்பி உர்ஹோவைப் பார்த்தாள். காலி அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"பக்கத்து வீட்டுல வெண்ணெயில மீன் பொரிக்கிற சத்தம். சின்ன மீன். ஜன்னல் திறந்திருக்கு."

குழு முழுக்கச் சிரித்தது. செல்லோக்காரர் ஒருவர், "எனக்கு ரெண்டு மீன் எடுத்து வைங்க!" என்றார். இர்மெலி மட்டும் சிரிக்கவில்லை. மற்ற வயலின்காரர்களிடம் ஏதோ சொன்னாள். மறுபடி வாசித்தார்கள்.

"ம்ஹூம், கருகிடுச்சு," என்றான் உர்ஹோ.

மறுபடியும்.

"கிட்ட வந்துட்டீங்க. அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைங்க."

மூன்றாம் முறை அவன் கண்ணை மூடித் தலையசைத்தான். ஐலா ஸாமுலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை காற்றில் அப்படியே நின்றது. வில்கள் ஓய்ந்த பிறகும் யாரும் பக்கம் புரட்டவில்லை.

"இதை ஒண்ணும் செய்யவேண்டாம்," என்றான் ஸாமுலி, மெல்ல. "இப்படியே இருக்கட்டும்."

இலையுதிர் காலத்துக் கச்சேரியில் அரங்கு நிறைந்திருந்தது. கடைசிப் பகுதி வந்ததும் முன்னால் இருந்தவர்கள் முதுகை நிமிர்த்தினார்கள். இருமிக்கொண்டிருந்த ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மரத்தடியில் காது கொடுப்பவர்கள் தலையைச் சாய்ப்பது போல வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்தன. ஐலா அதைப் பார்த்தே கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் உர்ஹோ தன் விரலால் அவள் உள்ளங்கையில் இலைகளின் போக்கைத் தட்டிக்கொண்டே வந்தான். அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது உர்ஹோ காரை ஓட்டினான். அந்தப் பக்கத்து ஜனங்கள் நன்றியை வாயால் சொல்வது அபூர்வம். ஒரு காபி போட்டு முன்னால் வைத்தால் சொன்ன மாதிரிதான். ஆனால் ஐலாவுக்கு அன்று காபிவரை பொறுக்கவில்லை.

"உர்ஹோ, நீ இல்லேன்னா அந்த மரம் எனக்கு இல்லாமலே போயிருக்கும். இத்தனை வருஷம் கூட இருந்தியே. நன்றி."

உர்ஹோ சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

"நீ இப்படிப் பேசுறப்போ நான் ஒண்ணு சொல்லாம இருக்கக் கூடாது. கச்சேரி நடுவுல கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"எந்த இடத்துல?"

"பைன் மரம் வந்துச்சே, அங்க. கோச்சுக்காதே. அப்படியே அதுங்க அடியில படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

ஐலா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ பேர் அவள் இசையைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை.