தலைவர் பேசக் கூடாது

என்னை நகர மன்றத் தலைவராக்கியது என் வாயை அடைக்கத்தான். இது எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பவள் நான். எனக்குக் கொடுத்த மருந்து மட்டும் என்னவென்று தெரியாமல் விழுங்கியிருக்கிறேன்.

பழைய தலைவர் உடம்பு முடியவில்லை என்று விலகினார். மன்றத்தில் எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு தரப்பும் அன்றைக்கு மட்டும் ஒரே குரலில் என்னைச் சொன்னார்கள். முன்மொழிந்தவர் லாரிக்காரர். ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரர். எட்டு வருடமாக மன்றத்தில் நான் கிழக்கு என்றால் மேற்கு என்பவர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தலைகால் புரியாமல் புதுக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போய்ப் பதவியேற்றேன்.

மூன்றாம் நாள் மன்றச் செயலாளர் ஒரு பழைய விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சொற்களை எண்ணிச் செலவழிக்கும் மனிதர்.

"பதினேழாவது விதியை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா."

பார்த்தேன். கூட்டத்தை நடத்துபவர் விவாதத்தில் பேசக் கூடாது. யார் பேசலாம், எப்போது ஓட்டெடுப்பு என்பதெல்லாம் அவர் கையில். தீர்மானத்தால் பாதிக்கப்படும் வெளியாள் யாரையாவது அழைத்துக் கேட்கலாம். ஆனால் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் ஒரு ஓட்டு உண்டு.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"இந்தப் புத்தகம் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே என் கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கூட்டத்தின் முதல் தீர்மானமே சந்தைக் கழிவறையைப் பற்றியது.

என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே சந்தை. அங்கே கடை போடும் பெண்கள் எழுபது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஆறு அறைகள் கொண்ட கழிவறை ஒன்றைச் சண்டை போட்டுக் கட்ட வைத்தவள் நான்தான். பதினான்கு மாதத்துக்கு முன் அதன் தண்ணீர் பம்பு எரிந்துபோனது. அன்று தொங்கிய பூட்டு இன்னும் தொங்குகிறது. அதன் பிறகு அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அடிவயிற்றில் கை வைத்தபடி, சீட்டை மடித்து நீட்டி, ஆண்கள் யாரும் இல்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுப்பார்கள். நீர்க்கடுப்பு. எல்லார் சீட்டிலும் ஏறக்குறைய அதே மாத்திரை. பம்பை மாற்றச் சொல்லிப் பதினோரு கூட்டங்களில் நான் கத்தியும், மன்றம் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. இப்போது லாரிக்காரர் கொண்டுவந்திருக்கும் தீர்மானம், கட்டடத்தையே இடித்துவிட்டுச் சரக்கு இறக்க இடம் விடலாம் என்பது. அதற்கு எதிராக நான் ஒரு சொல் பேச முடியாது.

கூட்டத்துக்கு முதல் நாள் வெங்காயக்கார அக்காவைப் போய்ப் பார்த்தேன். எடையில் ஏமாற்றப் பார்க்கும் மொத்த வியாபாரியை நாலு வார்த்தையில் ஓட வைப்பவர்.

"நீங்க வந்து சொல்லணும்க்கா. எனக்குப் பேச அனுமதி இல்ல."

"தலைவருக்கே அனுமதி இல்லையா? இது என்ன கூத்து!" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆம்பளைங்க முன்னாடி அதைப் போய் எப்படிம்மா சொல்றது?"

ஆனாலும் வந்தார். பார்வையாளர் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

லாரிக்காரர் நன்றாகப் பேசினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டிகள் தெருவை அடைத்து நிற்பது, ஆம்புலன்ஸ் போக வழியில்லாதது எல்லாம் உண்மைதான். பிறகு, "பதினாலு மாசமா பூட்டித்தானே கிடக்கு? சந்தை நடக்காமலா போச்சு?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என் விரல் மைக் பொத்தானுக்குப் போய்விட்டது. செயலாளர் இருமினார். விரலை எடுத்து மணியின் மேல் வைத்துக்கொண்டேன். அவ்வளவு கோபத்தை வாயைத் திறக்காமல் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"சந்தையிலேருந்து ஒருத்தரைக் கேட்கலாம்" என்று வெங்காயக்கார அக்காவை அழைத்தேன்.

எழுந்து நின்றார். மைக்கைப் பார்த்தார். பன்னிரண்டு உறுப்பினர்களைப் பார்த்தார். அதில் ஒன்பது பேர் ஆண்கள். என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

என்னிடம் அவருக்காக நாலு வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கின் நுனியில் நின்றது. அவர் படும் சங்கடத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. நான்தானே இழுத்து வந்தேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல போலிருக்கு. ஓட்டெடுப்புக்குப் போகலாமே" என்றார் லாரிக்காரர்.

"அவங்க இன்னும் உட்காரலை" என்றேன். அந்தத் தீர்மானத்தின் மேல் நான் பேசியது அவ்வளவுதான்.

மறுபடியும் காத்திருந்தோம்.

"நான் காலைல அஞ்சரைக்குக் கடை போடுறேன்" என்றார் அக்கா, மைக்கைப் பார்த்து. "வீட்டுக்குப் போக மூணு மணி ஆகும். அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன். பழகிடுச்சு. எனக்குப் பக்கத்துல எலுமிச்சம்பழம் விக்கிற பொண்ணு மாசமா இருக்கு. தாகமா இருக்குக்கான்னு கேட்டுச்சு. குடிக்காதே, வாயை மட்டும் நனைச்சுக்கோன்னு சொன்னேன். புள்ளத்தாச்சிக்கு நான் சொல்லிக் கொடுத்த புத்தி அது. இங்க நின்னு இதைப் பேச எனக்கு வெட்கமா இல்ல. அதைச் சொன்னேன் பாருங்க, அதுக்குத்தான் வெட்கமா இருக்கு."

உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இடிக்கலாம் என்று நாலு கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று எட்டு. அந்த எட்டில் ஒன்று லாரிக்காரரின் கை. தன் தீர்மானத்துக்குத் தானே எதிராக ஓட்டுப் போட்டவரைச் செயலாளர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அதே கையோடு, பதினைந்து நாளில் புதுப் பம்பு என்றும் முடிவானது.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் லாரிக்காரரை மடக்கினேன். நன்றி சொல்லத்தான் போனேன்.

"நீங்க பேசியிருந்தா நான் கை தூக்கியிருக்கமாட்டேன்" என்றார் அவர். "பம்பு எரிஞ்சப்ப முதல் கூட்டத்துலயே மாத்தியிருப்போம். நீங்க எடுத்த எடுப்புல, உங்க வீட்டுல பொம்பளைங்களே இல்லையான்னு என்னைக் கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நீங்க எது கேட்டாலும் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

"என் வாய்க்கு அவங்களையா தண்டிச்சீங்க?"

"ஆமா. அது என் தப்பு, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் தப்பை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பங்கு என்னிடமே இருந்தது.

மதியம் கடையைத் திறந்தபோது மனம் நிறைந்திருக்க வேண்டும். வெற்றி பெற்றவள் அல்லவா? ஆனால் மாடிப்படியில் கேட்டதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எலுமிச்சைக்காரப் பெண் வந்தாள். ஏழாம் மாதமாவது இருக்கும். வழக்கம்போலச் சீட்டை மடித்து நீட்டினாள். நீர்க்கடுப்புக்குத்தான், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடிய மாத்திரை. மருத்துவர் கவனமாக எழுதியிருந்தார். எடுத்து உறையில் போட்டு, வேளையைச் சொன்னேன். கடைசியாக ஒன்று சொல்வேன், இந்த மாத்திரை வாங்கும் எல்லாரிடமும் சொல்வது: நிறையத் தண்ணீர் குடிக்கணும். பதினான்கு மாதமாக அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி, கூடவே மன்றத்தையும் லாரிக்காரரையும் ஒரு மூச்சுத் திட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. உறையைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றேன்.

அவளும் போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடியும் வந்தாள். நான் பேசவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் மெதுவாக. "உங்க கடைக்குப் பின்னால… பாத்ரூம் இருக்குங்களா?"

இருந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது. நானும் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் தினமும் உபயோகிப்பதுதான். பதினான்கு மாதமாகச் சந்தைக்கு நேர் எதிரே, இருபதடி தூரத்தில், மாத்திரை அலமாரிக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்களில் யாராவது கேட்க வாயெடுத்திருக்கலாம். நான் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்ததில் அவர்களால் இடையில் புகுந்திருக்க முடியாது.

கல்லாப் பலகையைத் தூக்கி வழி விட்டேன். அவள் உள்ளே போனதும் தெருவில் இறங்கி, வெங்காயக்கார அக்காவைக் கூப்பிடப் போனேன். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.