சூரியன்மேல் போட்ட பழி

மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. குறை இதுதான்: பதினோராண்டுகளாக நாள்தோறும் காலையில் சிற்றலையின் நிலையைத் தம் செவியால் கேட்டு அறிவித்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஒரு கணினியை அமர்த்த பொழுதுபோக்காக வானலையில் பேசுவோரின் அமெச்சூர் ரேடியோ சங்கம் முடிவு செய்துவிட்டது. அம்முடிவைத் தெரிவித்த குறுஞ்செய்தியில் நான்கு வாக்கியங்களும் ஆறு பிழைகளும் இருந்தன. வாத்தியார் பிழைகளைத் திருத்திச் செய்தியைச் செயலாளருக்கே திருப்பியனுப்பினார். மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

சிற்றலை நேர்வழியில் போகிற பிள்ளையன்று. மேலே போய், அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி, கடல்களைத் தாண்டி, எங்கோ முன்பின் தெரியாத ஒருவர் காதில் போய் விழும். அந்த மண்டலமோ சூரியனின் மனப்போக்கைப் பொறுத்தது. சூரியன் சிடுசிடுத்தால் உலகத்துக்கே காது அடைத்துவிடும். அன்றன்று எந்தத் திசை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பூமியின் பல மூலைகளிலும் பீக்கன் என்னும் சிறு நிலையங்கள், வருகைப்பதிவுக்கு எழுந்து நிற்கும் மாணவரைப்போல, ஒன்றன்பின் ஒன்றாகத் தம் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லிவிட்டு உட்காரும். எந்த நிலையம் கேட்கிறதோ அந்தத் திசை திறந்திருக்கிறது என்று பொருள். ஓய்வு பெற்ற பிறகும் வாத்தியார் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார் என்பதே இதன் சுருக்கம்.

எடுத்ததை ஏழு மணிக்கு, ஊர் எல்லைக்குள் மட்டும் கேட்கும் சிறு ரேடியோவில் வாசிப்பார். சங்கத்தார் முப்பது பேர் ஐந்து நிமிடம் வாய் திறவாமல் கேட்பார்கள். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறை வாழ்க்கையில் அவருக்கு ஒருநாளும் வாய்க்காத அமைதி அது. அதைத்தான் இப்போது பறிக்கப் பார்க்கிறார்கள்.

"சங்கம் போனா போகட்டும்ங்க. வீட்ல என்கிட்ட சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார் மனைவி.

"நீ நடுவுல பேசுவே."

"பேசாம எப்படிங்க கேக்குறது?"

இந்தக் கேள்விக்கு வாத்தியாரிடம் விடை இல்லை. ஆகவே கேள்வி பொருத்தமற்றது என்று தீர்ப்பளித்துவிட்டு, மறுநாள் சங்கக் கூட்டத்துக்குப் புறப்பட்டார்.

சங்கச் செயலாளர் ஒரு பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத தொழிலில் இருப்பவராகையால், பேசுவதில் அவருக்குத் தயக்கமே கிடையாது.

"சார், இது உங்கள அவமானப்படுத்த இல்ல. கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிடுது. இந்த வயசுல நீங்க எதுக்குக் காலங்காத்தால எந்திரிச்சுக் கஷ்டப்படணும்?"

"கஷ்டம் என்னுடையது டாக்டர். அதைப் பிடுங்கிட்டுப் போக அது என்ன சொத்தைப் பல்லா?"

கூட்டம் சிரித்தது. சிரித்த சூட்டோடு ஓர் ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொண்டது: வருகிற ஞாயிறு காலை வாத்தியாரும் கணினியும் தனித்தனியே நிலையைச் சொல்ல வேண்டும், நண்பகல்வரை எல்லாரும் தத்தம் கருவியில் சோதித்துப் பார்க்க வேண்டும், யார் சொன்னது சரியோ, காலை அறிக்கை அவருடையது.

அந்த ஞாயிறைச் சங்கமே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறொரு காரணம் இருந்தது. ஆளில்லாத தீவொன்றுக்குச் சில ரேடியோக்காரர்கள் கப்பலேறிப் போய், கூடாரம் அடித்து, உலகத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு நண்பகலோடு மூட்டை கட்டுகிறார்கள். மறுபடி எந்தக் காலத்தில் யார் போவார்களோ தெரியாது. அந்தத் தீவோடு ஒரே ஒரு முறை பேசிவிடத் தவம் கிடந்தவர் ரொட்டிக் கடைக்காரர். வாத்தியாரின் அறிக்கையை ஒருநாளும் தவறவிடாதவர். சந்தேகம் கேட்கும்போதுகூட "மன்னிக்கணும் சார்" என்று தொடங்குகிறவர்.

"சார், ஞாயித்துக்கெழம நீங்க தெறந்திருக்குன்னு சொன்னா நான் கடையைத் தெறக்க மாட்டேன். மூடியிருக்குன்னு சொன்னா அடுப்பைப் பத்த வெச்சிடுவேன்" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னும் பாத்துக்குங்க" என்றார் பல் மருத்துவர்.

"சார் சொன்னாப் போதும் டாக்டர்."

வாத்தியார் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார்.

சனிக்கிழமை மாலை அவர் தம் டிரான்ஸ்மிட்டரைத் தூசு தட்டி, ஒவ்வோர் அலைவரிசைப் பட்டையிலும் அதன் வலிமையைச் சோதித்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். ஞாயிறு விடியலில் குளித்து, சலவைச் சட்டை அணிந்து, காதில் ஹெட்போனை மாட்டினார். ரேடியோவுக்குச் சலவைச் சட்டை தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒன்றும் கேட்கவில்லை.

முதல் பீக்கன் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. வகுப்பு மொத்தமும் வரவில்லை. பட்டையை மாற்றினார், அங்கும் அதே கதி. வழக்கமாகப் பின்னால் ஓடும் கரகரப்புக்கூட அடங்கி, பஞ்சில் பொதிந்ததுபோல் ஒரு நிசப்தம். வேறொருவராயிருந்தால் கம்பியை ஆட்டிப் பார்த்திருப்பார். வாத்தியார் அனுபவசாலி, ஆகவே கண்ணை மூடிச் சிந்தித்தார். சூரியன் வெடித்திருக்கிறது! பெரும் பிழம்பொன்று கிளம்பி, அயனி மண்டலத்தை அடித்துப் போட்டிருக்கிறது. கணினிக்கு அது இன்னும் தெரியாது. தம் காதுக்குத் தெரிந்துவிட்டது. சூரியன்மேல் அவருக்கு அப்போது ஏற்பட்ட பாசத்தைச் சொல்லி முடியாது.

ஏழு மணிக்குப் பல் மருத்துவர் முதலில் பேசினார். பதினைந்து மீட்டர் பட்டை காலை முழுவதும் நன்றாக இருக்கும் என்று கணினி சொல்வதாகச் சொன்னார். பிறகு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பர்களே, கணினி வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறது. நான் வானத்தைக் கேட்டுப் பேசுகிறேன். சிற்றலை முழுவதும் அடங்கிவிட்டது. சூரியனில் பெருஞ்சீற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். இன்று மாலை வரையில் எவரும் கருவியைத் தொடுவதில் பயனில்லை."

முப்பது பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். அறிக்கை முடிந்ததும் ஒரு குரல் மெல்ல எழுந்தது.

"மன்னிக்கணும் சார். அப்ப அந்தத் தீவு?"

"தீவு இருக்கும். வழிதான் இல்லை."

"சரிங்க சார்" என்றார் ரொட்டிக் கடைக்காரர். ரேடியோவை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

பத்து மணியளவில் சிறு ரேடியோவில் கூச்சல் தொடங்கியது. "தீவு கெடச்சிருச்சு!" என்று ஒருவர் கத்தினார். "எனக்கும்! பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேக்குது!" என்று இன்னொருவர். பல் மருத்துவர் எட்டரைக்கே பேசி முடித்துவிட்டாராம். வாத்தியார் இதைச் சற்று நேரம் கும்பல் மயக்கம் என்று கருதினார். ஆசை இருந்தால் எதுவும் காதில் விழும். ஹெட்போனை மறுபடி மாட்டினார். நிசப்தம் அப்படியே இருந்தது.

தம் கட்சியை மெய்ப்பிக்க அவரே கூப்பிட்டுப் பார்த்தார். கால் மணி நேரம் விடாமல் தம் அழைப்புக்குறியை முழங்கினார். அனுப்பும் மின்சாரத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் முள் இம்மியும் அசையவில்லை. வழக்கமாகக் கொஞ்சமேனும் முரண்டு பிடிக்கும் ஆண்டெனா, இன்று இப்படி அடக்கவொடுக்கமாக நடந்துகொள்வதைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் பக்கம் எல்லாம் சரி, வானம்தான் சரியில்லை!

மனைவி கதவருகில் நின்றார். "என்னங்க, பூனை ஏன் அந்த டப்பா மேலயே படுத்துக் கெடக்கு? நானும் ரொம்ப நேரமாப் பாக்குறேன், எறங்கவே மாட்டேங்குது."

"சூடா இருக்கும்."

"அது ஏன் சூடா இருக்கு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அது பெயிண்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி, உள்ளே ஒரு மின்தடையைத் தொங்கவிட்டு, அவரே செய்த டம்மி லோடு. டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது வானலையில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருக்க, ஒரு சுவிட்சைத் திருப்பி ஆண்டெனாவுக்குப் பதிலாக இந்த டப்பாவை இணைத்துக்கொள்வார்கள். அனுப்புவதையெல்லாம் அது விழுங்கிச் சூடாகும்; எதையும் வெளியே விடாது, உள்ளேயும் விடாது. நேற்று மாலை சோதித்த பிறகு சுவிட்சைத் திருப்பி வைக்க அவர் மறந்துவிட்டார். தீவுக்கு என்று அவர் முழங்கிய முழக்கமெல்லாம் பூனைக்கு ஒத்தடமாகப் போயிருக்கிறது.

சுவிட்சைத் திருப்பினார். ஹெட்போனில் உலகம் சந்தைபோல இரைந்தது.

"இப்ப கேக்குதா?" என்றார் மனைவி.

"கேக்குது."

"சூரியன் சரியாயிடுச்சா?"

அந்நேரம் பார்த்துப் பல் மருத்துவரின் குரல் சிறு ரேடியோவில் வந்தது; வெற்றி பெற்றவரின் தாராளம் அதில் வழிந்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. சில சமயம் ஒரு ஏரியாவுல மட்டும் இப்படி ஆகும். உங்க வீட்டுப் பக்கம் ஏதோ லோக்கல் கோளாறா இருந்திருக்கும். சங்கத்துல யாரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

லோக்கல் கோளாறு! எவ்வளவு கௌரவமான சொல். ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். பூனை சாட்சி சொல்லாது. மனைவியை... சரி, மனைவியிடம் கெஞ்சிப் பார்க்கலாம். வாத்தியார் ஆமென்று சொல்வதற்காகவே ஒலிவாங்கியை எடுத்தார். எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இருபத்தொன்பது பேர் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாங்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அவரை மதித்தவர்கள்தாம், ஆனால் நம்பவில்லை. நம்பியவர் ஒருவர், அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். நண்பகலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

"காலை அறிக்கையில் ஒரு திருத்தம்" என்றார் வாத்தியார். "சூரியனில் கோளாறு இல்லை. வானத்தில் கோளாறு இல்லை. என் மேசையில் ஒரு சுவிட்ச் தவறான பக்கம் இருந்தது. இன்று காலை முழுவதும் நான் ஓர் எண்ணெய் டப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

அப்போது விழுந்த அமைதி அவர் இதுவரை சம்பாதித்த அமைதிகளிலெல்லாம் ஆழமானது. பிறகு யாரோ கேட்டார்: "டப்பாவுல எந்த ஸ்டேஷன் சார் கெடச்சுது?" சங்கம் வெடித்தது. வாத்தியார் ரேடியோவை மேசைமேல் வைத்துவிட்டுச் சலவைச் சட்டையோடு தெருவில் ஓடினார். ஓடினார் என்பது இலக்கணப்படி மிகை. ஆனாலும் அவரளவில் அது ஓட்டம்தான்.

ரொட்டிக் கடையில் கூட்டம். கடைக்காரர் ஒரு தட்டை வெளியே இழுத்து இன்னொன்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வாத்தியார் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை.

கடைக்காரர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் வாத்தியாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எல்லாரும் ஒரு தடவ கேட்டுப் பாத்திருக்காங்க சார்" என்றார். "எனக்குத் தோணவே இல்ல."

"நீங்க கெளம்புங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

"அடுப்பு?"

"எப்ப எடுக்கணும்னு சொல்லுங்க, எடுக்கறேன்."

"பொன்னிறமானா எடுக்கணும் சார். வேணும்னா ஒண்ணைப் பிட்டுப் பாருங்க. பாக்காம மட்டும் முடிவு பண்ணிடாதீங்க." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. ஏப்ரனைக் கழற்றி வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் பறந்தார்.

வாத்தியார் பன் விற்றார். "ரெண்டு குடுங்க" என்று ஓர் அம்மாள் சொன்னபோது, எதில் இரண்டு என்று முழு வாக்கியமாகக் கேட்கும்படி சொல்ல நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டார். ஒரு தட்டு பொன்னிறத்தைத் தாண்டிக் கரிநிறத்துக்குப் போனது. அதை மட்டும் தாமே விலைக்கு எடுத்துக்கொண்டார்.

நண்பகல் கழிந்து கடைக்காரர் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கேட்டுச்சு சார். நல்லாக் கேட்டுச்சு. ஆனா கடைசி நேரம் இல்லையா, ஆயிரம் பேரு ஒண்ணாக் கத்துறாங்க. என் சத்தம் போய்ச் சேரல. அப்புறம் அவங்க நன்றி சொல்லிட்டு மூடிட்டாங்க."

வாத்தியார் ஏப்ரனை மடித்தார். மடிப்பு நேராக வரும்வரை மடித்துக்கொண்டேயிருந்தார்.

அன்று மாலை சங்கம் கூடியது. தீர்ப்புக்கு வேலையே இல்லை, கணினி வென்றுவிட்டது. வாத்தியார் எழுந்து, காலை அறிக்கையிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். பல் மருத்துவர் நன்றியுரைக்கு வாயைத் திறந்தபோது ரொட்டிக் கடைக்காரர் குறுக்கிட்டார். அவர் கூட்டத்தில் குறுக்கிட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர் இன்னிக்கு சரியாச் சொல்லிச்சு. ஆனா அது தப்பாச் சொன்னா, ஏப்ரன் கட்டிக்கிட்டு என் கடையில வந்து நிக்காது. சாரே வாசிக்கட்டும். ஒண்ணு மட்டும். வாசிக்கறப்ப எங்களுக்கு வேற மாதிரி கேட்டா, நடுவுலயே 'பிரேக்'னு சொல்லுவோம். சார் நிறுத்திக் கேக்கணும்."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். நடுவில் பேச விடுவதென்றால் மிஞ்சப்போவது என்ன? அறிக்கை இருக்கும்; அமைதி இருக்காது. வகுப்பறை மறுபடி வந்து சேர்ந்துவிடும், இந்த முறை கையில் பிரம்பில்லாமல்.

"முழு வாக்கியம் முடிந்தபின் சொல்லலாமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"இல்ல சார். நடுவுலயே."

"சரி" என்றார் வாத்தியார்.

மறுநாள் ஐந்து நிமிட அறிக்கைக்கு அரை மணி நேரம் பிடித்தது. ரொட்டிக் கடைக்காரர் மட்டும் நான்கு முறை 'பிரேக்' சொன்னார். அவற்றுள் மூன்று முறை அவர் சொன்னது தவறு, ஒருமுறை சரி. அந்த ஒன்றுக்கு வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ஆகவே, இதைப் படிக்கும் நீங்கள் அந்தச் சிறு ரேடியோ கேட்கும் தொலைவில் இருந்தால், காலை ஏழு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் கருவியையும் திறந்து வையுங்கள். அவர் சொல்வது உங்கள் காதுக்கு ஒவ்வாவிட்டால், மன்னிக்கணும் என்று தொடங்காமல், கையை உயர்த்திக் காத்திராமல், வாக்கியத்தின் நடுவிலேயே வெட்டிப் பேசுங்கள். தயவு செய்து என்று சேர்க்கவில்லை, இது கட்டளை.