கஞ்சிப் பசையில் ஒட்டிய வாடகை

கீழே சலவைக்கூடம், மேலே இரண்டு மாடி நிறைய வாடகை அறைகள். எல்லாம் ஒருவருக்கே சொந்தம். கீழே அவர் எங்களுக்கு முதலாளி, படியேறிவிட்டால் வீட்டுக்காரர். ஆள் ஒருவர்தான், நாக்கு இரண்டு. காலையில் கூலி உயர்த்திக் கேட்டால், "விலைவாசி என்ன ஏறிடுச்சு? எல்லாம் அப்படியேதானே இருக்கு?" என்பார். அன்று சாயங்காலமே மாடிக்கு வந்து, "விலைவாசி எங்கயோ போயிடுச்சும்மா, எனக்கே கட்டுப்படியாகல" என்பார். இரண்டு பேச்சுக்கும் நடுவே இருப்பது பதினெட்டுப் படிகள்.

அம்மா அங்கே கஞ்சி காய்ச்சுகிறவள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் மொடமொடவென்று நிற்பது அவள் கைப்பதம். நான் கிழிசல் தைப்பேன். வெளியாள் யாராவது வந்தால் துணிக்குவியலுக்குப் பின்னால் போய்விடுவேன்.

கூடத்துச் சுவரில் முதலாளி தன் கையாலேயே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்: "விரிந்த துணி எங்கே கண்ணில் பட்டாலும் உடனே மடிக்க வேண்டும். மடிக்காமல் கடந்து போனால் அரை நாள் கூலி பிடிக்கப்படும்." இந்தச் சட்டத்தில் எல்லாருமே ஒருமுறையாவது மாட்டியிருக்கிறோம்.

ஒரு நாள் காலையில் இன்னொரு தாளோடு வந்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அறை வாடகை எட்டாயிரம், முடியாதவர்கள் காலி செய்யவும். அதுவரை ஐயாயிரம். அம்மாவின் கூலியோ பத்தாயிரம்.

"இதைப் படிக்கட்டுப் பக்கம் ஒட்டிடு. பசை கெட்டியா இருக்கட்டும். போன தடவை எவனோ கிழிச்சிட்டான்."

"சரிங்க முதலாளி" என்றாள் அம்மா. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் பதத்துக்குக் கஞ்சியைக் காய்ச்சினாள். தன்னை வீட்டை விட்டுத் துரத்தும் தாளைத் தன் கையாலேயே சுருக்கம் இல்லாமல் நீவி ஒட்டினாள். அன்று ராத்திரி மேலே வந்து, எதை முதலில் மூட்டை கட்டுவது என்று யோசிப்பவள்போல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

எங்கள் கூடத்தில் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. விரிப்பு மடிக்கும்போதுதான் பேச்சு. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து விலகி நின்று உதறுவார்கள். பிறகு நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். சேரும் நொடியில் ஒரு வாக்கியம். நாலு மடிப்பு, நாலு வாக்கியம்.

மறுநாள் அம்மாவோடு மடித்தவள் கூடத்திலேயே உயரமானவள், நாங்கள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.

முதல் மடிப்பு: "அக்கா, புதுச் சட்டம் வந்திருக்காம்."

இரண்டாவது: "வட்டாரத்துல ரூம் வாடகை எவ்வளவோ, அது மாதிரி மூணு மடங்கு கூலி குடுத்தே ஆகணுமாம்."

மூன்றாவது: "குடுக்கலைன்னா கடைக்குப் பூட்டாம்."

நாலாவது: "நாளைக்கு ஆபீசரம்மா வாடகை விசாரிக்க இங்கதான் வராங்க."

எங்கள் வட்டாரத்தில் வாடகை அறை என்றால் அநேகமாக எல்லாமே இவருடையதுதான். அம்மா மடித்த விரிப்பைக் கீழே வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, எட்டு மூணு எவ்வளவு?"

"இருபத்து நாலும்மா."

அப்படியே கவிழ்த்து வைத்த கஞ்சிப் பானைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி காதுக்கும் சேதி எட்டியிருந்தது. அன்று சாயங்காலம் ஒன்பதாவது படியில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். முதலாளியாக இறங்குவதா, வீட்டுக்காரராக ஏறுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலும்.

"நாளைக்கு யாராவது கேட்டா வாடகை மூணாயிரம்னு சொல்லிடுங்க எல்லாரும்."

"எட்டுன்னு எழுதிட்டீங்களே?"

"அது சும்மா பேச்சுக்கும்மா."

"பேச்சுக்கா? பசை போட்டுல்ல ஒட்டினோம்!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு, உனக்கு மட்டும் அஞ்சாவே இருக்கட்டும். நாளைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, ரூமும் கிடையாது, வேலையும் கிடையாது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க. வாயே திறக்க மாட்டேன்."

எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. மாடியில் இருக்கும் மற்றவர்கள் என்ன ஆவது?

அவர் நேராகத் தாளைக் கிழிக்கப் போனார். நகத்தால் சுரண்டினார், கத்தியால் சுரண்டினார், வெந்நீர் ஊற்றினார். சுவரில் காரை பெயர்ந்தது, எட்டாயிரம் பெயரவில்லை. கடைசியில் இரண்டு ஆணி அடித்து அதன்மேல் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விரிப்பில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஆபீசரம்மா வந்தார். படிக்கட்டை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஒண்ணாந்தேதியிலருந்து ரூம் வாடகை எவ்வளவு?"

"மூணாயிரம்தாங்க" என்றார் முதலாளி. "பாவம், ஏழைங்க. அதுக்கு மேல கேட்க எனக்கு மனசு வரல."

ஆபீசரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா?"

முதலாளி ஒவ்வொருத்தியையும் முறைத்துக்கொண்டே வந்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒட்டடைக்குச்சிகூடக் குனிந்து நின்றாள். பேனா தாளைத் தொடப் போனது.

அம்மா கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொங்கும் விரிப்பைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள். பிறகு துணிக்குவியலுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்து முகவாயை ஒரு வெட்டு வெட்டினாள்.

வெளியாள் முன்னால் நான் குவியலை விட்டு வந்ததே இல்லை. ஆனாலும் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"ஏய், ஏய்! அதை விடு!"

அம்மா வாயைத் திறக்கவில்லை. எதிர்ச் சுவரை மட்டும் மரியாதையாகக் கை காட்டினாள். ஆணியிலிருந்து விரிப்பை எடுத்தோம். உதறினோம். முதல் மடிப்பு, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. இஸ்திரி போட்டதுபோல் மடித்து முதலாளியின் கையிலேயே கொடுத்தாள்.

ஆபீசரம்மா இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் படித்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

"அது... பழசுங்க."

"முந்தாநாள் தேதி போட்டிருக்கு." தாளின் ஒரு முனையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க."

"எங்க கஞ்சி அப்படிங்க" என்றார் முதலாளி. வாடிக்கையாளர்களிடம் வருஷக்கணக்காகச் சொன்ன பேச்சு, தானாக வாயில் வந்துவிட்டது. படிவத்தில் எட்டாயிரம் ஏறியது.

ஆபீசரம்மா போனதும் முதலாளி அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னியே!"

"திறந்தேனா முதலாளி?"

கூடமே சிரித்தது. அவரால் ஒருத்தியை அனுப்ப முடியும். சிரித்த இருபத்திரண்டு பேரையும் அனுப்பினால் விரிப்பை யார் மடிப்பது?

மாதம் பிறந்தது. இருபத்து நாலாயிரத்தை அம்மா இரண்டு முறை எண்ணினாள். சந்தேகம் இல்லை, ஆசை. அன்று சாயங்காலம் ஒன்பதாவது படியில் தயங்கிவிட்டு மேலே ஏறிவரும் காலடிச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, வாடகையை அஞ்சாக் குறைச்சிடலாம்னு பார்க்கறேன். அடுத்த வருஷம் ஆபீசரம்மா வரும்போது..."

அம்மா கதவை முழுசாகத் திறந்தாள். எட்டாயிரத்தை அவர் கையில் வைத்து மூடினாள்.

"வேணாங்க வீட்டுக்காரரே. விலைவாசி எங்கயோ போயிடுச்சு. உங்களுக்கும் கட்டுப்படியாகணும்ல?"